படியில்லாத வாசல்

மரியசெல்வியை மாடிக்குக் கொண்டுவர நாலு ஆள் தேவைப்பட்டது. அந்த வீட்டுப் படிக்கட்டு பாதியில் சட்டென்று ஒரு திருப்பம் திரும்பும். அங்கே சக்கர நாற்காலி சுழலாது. ஆளைத் தனியாகவும் நாற்காலியைத் தனியாகவும்தான் தூக்கிவர வேண்டும். மேலே வந்து சேர்ந்தபோது, இனி இறங்குவது எளிதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தூக்கி வந்தவர்கள் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவள் இயற்பியல் ஆசிரியை. தேர்வுப் பணிக்காகக் குஜிலியம்பாறைக்கு ஸ்கூட்டரில் போன காலையில், எதிரே வந்த லாரியின் டயர் வெடித்து, வண்டி அவள் பக்கம் சாய்ந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவள், அப்பா அம்மாவும் இல்லை. தம்பி ராயப்பராஜ்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். அவனுக்குப் பக்கத்துத் தெருவில் பெயின்ட் கடை. கீழ்த்தளம் முழுக்கக் கடையின் சரக்கு. அதற்கு மேல் அவனும் மனைவி ரோஸ்மேரியும் மகள் வினிதாவும். மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையைத்தான் அக்காவுக்கென்று ஒழுங்குபண்ணினான். நல்ல காற்று வரும் என்றான். கழிப்பறையைப் பெரிதாக்கி, சுவரெல்லாம் கைப்பிடி வைத்து, வாசற்படியை இடித்துச் சரிவாக்கிக் கொடுத்தான். அறையிலிருந்து மொட்டை மாடிக்கு அவள் தானாகவே உருட்டிக்கொண்டு வரலாம். அதற்கப்பால் படிக்கட்டு.

கீழ்த்தளத்துச் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அங்கே தன்னை வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டுப்பார்த்தாள். பெயின்ட் கரைக்கிற தின்னர் வாடை உனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டான். சொன்ன விதத்தில் அன்பு இருந்தது. அதனால் மேலே வாதாட முடியவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. சாப்பாடு மேலே வந்தது. மருந்து மேலே வந்தது. ஞாயிற்றுக்கிழமை நற்கருணைகூட ஃபாதர் கையால் மேலே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

தொலைநோக்கி வாங்கியது அவள் சொந்தத் தீர்மானம். கணினியோடு இணைந்த வகை அது. விசைகள் உள்ள சின்னக் கைப்பெட்டி ஒன்று கம்பியில் தொங்கும். முக்காலியின் கால்களை நீட்டாமல் அப்படியே நிறுத்தினால் உட்கார்ந்தபடி கண் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினாள். பெட்டியைத் தூக்கிவந்த ராயப்பராஜ் சந்தோஷப்பட்டான். பொழுது போகுமே என்றான். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பொழுது என்பது தானாகப் போவது, அதை ஏன் போக்கவேண்டும் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அது கார்த்திகை. விளக்கு வைக்கிற நேரத்துக்கே மேகம் விலகியிருந்தது. கருவிக்கு முதலில் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். வடமேற்கில் வேகா, தெற்கே ஃபோமல்ஹாட். இரண்டையும் நடுவில் நிறுத்தி விசையை அழுத்தியதும் அதற்கு மொத்த வானமும் பிடிபட்டுவிட்டது. அதன்பின் அவள் எதன் மேல் குழாயைத் திருப்பி ‘அடையாளம் காட்டு’ என்ற விசையைத் தட்டினாலும் பெயரைச் சொன்னது. தென்கிழக்கே உயரத்தில் மங்கலாக மஞ்சள் பூத்து நின்ற புள்ளி சனி என்றது. கண்ணை வைத்துப் பார்த்தாள். வளையம் ஊசி போல மெலிந்து, உருண்டையைக் குறுக்கே குத்தியிருந்தது. பிடித்ததைச் சேமித்துக்கொள்ளவும் வழி இருந்தது. எண் போட்டு வைத்துவிட்டால், இன்னொரு நாள் அந்த எண்ணைத் தட்டினால் போதும், மோட்டார் முனகிக்கொண்டே குழாய் தானாக அங்கே போய் நிற்கும்.

அந்தச் சேமிப்பில் இரண்டு வகை. வானத்தில் இருப்பதைச் சேமிப்பது ஒன்று. தரையில் இருப்பதைச் சேமிப்பது இன்னொன்று. வானத்துப் பொருள் நகரும், கருவியும் கூடவே நகரும். தரைப்பொருள் அசையாது, முக்காலி மட்டும் இடம் மாறக்கூடாது. முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தை நகப்பூச்சால் தரையில் குறித்தாள். கருவியை முழுக்க அணைக்காமல் உறங்கவைத்து, மேலே பைக் உறையைப் போர்த்திவிடுவாள். மறுநாள் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

முதலில் தரையில் சேமித்தது மலைக்கோட்டையின் உச்சியை. பிறகு தன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியை. ஒரு மாலை மலைக்கோட்டைப் பாறையின் மேல் குழாயை நிறுத்திக்கொண்டு விளையாட்டாக ‘அடையாளம் காட்டு’ விசையைத் தட்டினாள். அன்டாரஸ் என்றது பெட்டி. கேட்டை நட்சத்திரம். பாறைக்குப் பின்னால் அது அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. கருவியின் கணக்கில் பாறையே கிடையாது. செத்த நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தபின் ஒரு சாயங்காலம் அது நடந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டி வெடித்துப் புகைந்தது. கீழே சரக்கு எடுக்க வந்திருந்த கடைப் பையன்கள் கத்தினார்கள். ரோஸ்மேரி வினிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மரியசெல்வி மாடியில் இருந்தாள். படிக்கட்டு புகைபோக்கி மாதிரி ஆகிவிட்டது. கருப்பாகத் திரண்ட புகை வாசல் வழியே மொட்டை மாடிக்கு ஏறி வந்தது. பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் தின்னர் அடியில் எத்தனை டப்பா இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியை உருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு வந்தாள். தெருவில் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. யாரோ கையை ஆட்டி இறங்கச் சொன்னார்கள். அவளால் முடியாது என்பது அந்த ஆளுக்குத் தெரியாது.

தீ சரக்குக்குப் போகவில்லை. கரண்டை நிறுத்தி மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்துவிட்டார்கள். அதற்குள் ராயப்பராஜ் புகைக்குள்ளேயே ஏறி மேலே வந்திருந்தான். வந்து என்ன செய்ய? ஒற்றை ஆளாக அவளைத் தூக்கி அந்தத் திருப்பத்தைக் கடக்க முடியாது. ஈரத் துண்டை அவள் முகத்தில் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். புகை அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு குழந்தை மாதிரி அழுதான்.

இனி சரக்கை மாற்றிவிடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் வேறு மாதிரி நினைத்தான். ஒவ்வொரு தளத்திலும் தீயணைக்கும் சிலிண்டர் மாட்டினான். மாடியில் அறைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கேமரா வைத்தான். கடையில் உட்கார்ந்தபடியே ஃபோனில் அவளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கினான். மறுநாள் முதல் அவள் ஃபோன் அடிக்கடி மணியடித்தது. வெயிலில் ஏன் இருக்கிறாய், உள்ளே போ. ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறாய், நேராக உட்கார். தொலைநோக்கியில் குனிந்துகொண்டே இருந்தால் கழுத்து போகும். சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அவள் உடை மாற்றும்போது அறைக் கேமராவின் மேல் துண்டை எறிவாள். துண்டு விழுந்த கொஞ்ச நேரத்துக்குள் ரோஸ்மேரி மேலே வந்து, “ஒண்ணும் இல்லையே மதினி, அவுக பாக்கச் சொன்னாக” என்பாள்.

ஒரு மதியம் பள்ளித் தலைமையாசிரியை அறிவுச்செல்விக்கு மரியசெல்வியே ஃபோன் பண்ணினாள். நாற்காலியில் இருந்தபடி பாடம் நடத்த இடம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“டீச்சர், போன ஜூன்லயே தரைத்தளத்துல கிளாஸ் ஒதுக்கி, சரிவும் போட்டாச்சு. ஒங்க தம்பிகிட்டச் சொன்னேன். அக்கா அந்த நெலமைல இல்ல, பள்ளிக்கூடப் பேச்சே எடுக்காதீக, மனசு கஷ்டப்படும்னு சொன்னாரு. நாங்களும் விட்டுட்டோம்.”

போன ஜூனில்தான் அவளை நாலு ஆள் ஒரு தடவை இறக்கிக் கொண்டுபோனார்கள்; படுக்கைப் புண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஃபோன் தம்பி கையில்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் அந்த நிலைமையில்தான் இருந்தாள். ஆனால் அதற்கப்புறம் எத்தனையோ மாதம் போய்விட்டதே. மேசையில் ரோஸ்மேரி வைத்துவிட்டுப் போன சோறு ஆறிப்போனது.

அன்றே முடிவெடுத்தாள். தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். பழக்கமான வீட்டுப் புரோக்கர் ஒருவருக்குச் சொன்னாள். வாசலில் படியே இருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் நிபந்தனை. புரோக்கருக்கு ராயப்பராஜைத் தெரியும். அவன் கடையில்தான் பெயின்ட் எடுப்பவர். மாலைக்குள் தம்பி மேலே வந்துவிட்டான். கோபப்படவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“இங்கன என்னக்கா குறை வச்சேன்?”

குறை ஒன்றும் இல்லை என்றாள். இறங்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவன் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டான். ராத்திரி கீழே விழுந்துவிட்டால் யார் தூக்குவது என்று கேட்டான். புரோக்கர் அதற்கப்புறம் அவள் ஃபோனை எடுக்கவில்லை.

அதிலிருந்துதான் அவள் தொலைநோக்கியைத் தெருக்களின் பக்கம் திருப்பினாள். அந்த மாடியிலிருந்து பெரும்பாலும் கூரைகள்தான் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் எங்காவது ஒரு தெருத்துண்டு தெரியும், அதில் ஏழெட்டு வாசல் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை காலம் இந்த ஊரில் இருந்தும் அவள் கவனிக்காத ஒன்று அப்போது கண்ணில் பட்டது: ஊர் முழுக்கப் படிகள். சாக்கடைக்கு மேலே இரண்டு படி, மழைத்தண்ணீர் ஏறாமல் மூன்று படி, கௌரவத்துக்கு என்று ஐந்து படி. படியில்லாத வாசல் எதையாவது கண்டால் தரைப்பொருளாகச் சேமித்தாள். அடுத்த நாள் வேறு வெளிச்சத்தில் திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒன்று இரும்புக்கடை, ஒன்று மாவு மில். பெயர் சொல்லக் கருவிக்குத் தெரியாது. எது என்னவென்று அவளேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சில சமயம் யார் வீட்டு வாசலிலாவது ஒரு பெண் தலை உலர்த்திக்கொண்டு நிற்பாள், ஒரு கிழவர் பனியனோடு பல் விளக்குவார். மரியசெல்வி கண்ணை எடுத்துவிடுவாள். தன் தலைக்கு மேலே சிவப்பு விளக்கோடு நின்ற கேமரா அப்போது ஞாபகம் வரும்.

மாசியில் ஒரு நாள் காலை, பேகம்பூருக்கு அப்பால், புது மனைகள் பிரித்திருந்த பக்கம் அந்த வீடு அகப்பட்டது. சின்ன வீடு, பச்சைக் கதவு. வாசலில் படியே இல்லை. சிமென்ட் தரை தெருவோடு தெருவாக ஓடி உள்ளே போயிற்று. கதவருகே அட்டை ஒன்று தொங்கியது. தொலைநோக்கியில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரியும். கடைசியிலிருந்து எழுத்துக்கூட்டினாள். வாடகைக்கு. அதன் கீழே ஃபோன் எண். கடைசி இரண்டு இலக்கத்தை ஒரு முருங்கைக் கிளை மறைத்திருந்தது. காற்று வரட்டும் என்று காத்திருந்தாள். காற்று வந்தது; அதற்குள் வெயில் ஏறி, காட்சி கானல் போல நெளிய ஆரம்பித்துவிட்டது. இடத்தைச் சேமித்தாள். மறுநாள் வெயிலுக்கு முந்தி வரலாம். கருவியை உறங்கவைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

மறுநாள் விடிந்ததும் எண்ணைத் தட்டினாள். மோட்டார் முனகி நின்றது. கண்ணை வைத்தால் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ பார்வை முழுக்க நின்றது. மலைக்கோட்டையின் எண்ணைத் தட்டினாள். வெறும் ஆகாயம். குனிந்து தரையைப் பார்த்தாள். முக்காலியின் கால்கள் நகப்பூச்சுக் குறிகளைவிட்டு நன்றாக விலகி, கோணலாக இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் மிளகாய் காயப்போட்டிருந்த சாக்கை இழுக்க வசதியாக ரோஸ்மேரி முக்காலியைச் சற்றே ஒதுக்கிவைத்திருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

மரியசெல்வி குனிந்து ஒவ்வொரு காலாகத் தள்ளிப் பழைய குறியில் நிறுத்தப் பார்த்தாள். இரண்டு கால் பொருந்தியது. மூன்றாவது, நாற்காலியின் சக்கரத்துக்கு எட்டாத மூலையில் இருந்தது. ஃபோன் அடித்தது. கீழே குனியாதே அக்கா, விழுந்துவிடுவாய் என்றான் தம்பி. எழுந்ததும் கேமராவைத்தான் பார்த்திருக்கிறான்.

ஃபோனை வைத்துவிட்டு, சேமித்தது எதையும் நம்பாமல் கையாலேயே குழாயை நகர்த்தினாள். பேகம்பூர்ப் பள்ளிவாசலின் மினாரைப் பிடித்து, அங்கிருந்து ஒரு செல்ஃபோன் கோபுரம், அங்கிருந்து கருவேலங்காடு, அதன் ஓரமாகப் புது மனைகளின் வெள்ளைக் கற்கள். இரண்டு தடவை தவறவிட்டாள். மூன்றாம் தடவை பச்சைக் கதவு கண்ணுக்குள் வந்து நின்றது. அட்டை இன்னும் தொங்கியது. கிளை அசைந்தது. கடைசி இரண்டு இலக்கம் கிடைத்தது. மாறித் தெரிந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லித் திருப்பிக்கொண்டு, உடனே அழைத்தாள்.

எடுத்த பெண்ணின் பெயர் நர்கீஸ். பேகம்பூரில் துணி வியாபாரம். அந்த இடம் அவர்களுடைய சரக்கு ஆட்டோவை நிறுத்தக் கட்டியது, ஆட்டோவை விற்றபின் வீடாக மாற்றினோம் என்றாள். படியில்லாததன் காரணம் அதுதான். ரொம்ப நாளாக ஆள் வரவில்லை, அந்தப் பக்கம் போக்குவரத்தே கிடையாது, அட்டையை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். மரியசெல்வி மறைக்காமல் சொன்னாள்.

நர்கீஸ் உடனே கேட்டாள். “அப்ப ஆளுக பொழங்குற எடமெல்லாம் அங்கேருந்து தெரியுமா?”

“தெரியும். பாக்க மாட்டேன். என்னையும் ஒருத்தர் அப்பிடிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காக. அது எப்பிடி இருக்கும்னு தெரியும்.”

தனியாக ஒரு பெண் என்பதில் நர்கீஸுக்குத் தயக்கம் இருந்தது. காலையும் மாலையும் வந்து உதவ ஓர் ஆள் வேண்டும், நீங்களே பார்த்துக்கொடுங்கள் என்றதும் அந்தத் தயக்கம் தணிந்தது. அடுத்த தெருவில் பெருமாயி என்று ஒருத்தி இருக்கிறாள், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இரண்டொரு நாளில் எல்லாம் பேசி முடிந்தது.

இறங்குவதுதான் மிச்சம். தம்பியிடம் நேரடியாகவே சொன்னாள். பள்ளிக்கூடத்து விஷயம் தெரியும் என்பதையும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில், “நான் ஆள் அனுப்ப மாட்டேன்க்கா. என் கையால ஒன்னய எறக்கிவிட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் ஆள் அனுப்பாவிட்டால் அவள் எங்கும் போகமுடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு வாரம் அப்படியே கிடந்தாள். தொலைநோக்கியின் உறையை எடுக்கவில்லை. பிறகு ஒரு காலையில் தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றுக்கு ஃபோன் பண்ணினாள். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இல்லை, வீட்டுக்கு என்றாள். எங்கேயிருந்து என்று கேட்டார்கள். அதுவும் வீடுதான் என்றாள்.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஏறிவந்தார்கள். ரோஸ்மேரி அழுதுகொண்டே துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். எதையும் தடுக்கவில்லை, மதினியின் தலையைச் சீவி, பின்னிவிட்டாள். அந்த இருவரும் திருப்பத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்தது. நேராகப் போகவில்லை, சாய்க்கவும் பயந்தார்கள். வாரால் கட்டப்பட்டு, தலை கீழ்ப்பக்கமாகச் சரிந்து, மரியசெல்வி மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. மேற்கூரைச் சுண்ணாம்பு முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. புகை படிந்த கருப்பு இன்னும் போகவில்லை. திருப்பி மேலேயே கொண்டுபோய்விடலாமா என்று ஒருவன் மற்றவனிடம் கேட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கேமராவில் பார்த்துவிட்டுக் கடையிலிருந்து ஓடிவந்திருந்தான் ராயப்பராஜ். கீழேயிருந்து அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இரண்டு படி ஏறி, அவளைத் தலைமாட்டில் பிடித்தான்.

“காலு பக்கத்த முதல்ல தூக்குங்க. சொவத்தோட ஒட்டி. இன்னும். இப்ப என் பக்கம் விடுங்க.”

ஸ்ட்ரெச்சர் சாய்ந்து, ஒருக்களித்து, சுவரை உரசிக்கொண்டே திரும்பியது. அவன் முகம் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தாடை இறுகியிருந்தது. கடைசிப் படிவரை அவன் பிடியை விடவில்லை. வண்டியில் ஏற்றியபின், வாரைச் சரிபார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

புது வீட்டில் முதல் இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. எலி ஓடியது. ஒருமுறை கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது கை வழுக்கி, கீழே விழாமல் எப்படியோ தொற்றிக்கொண்டாள். தம்பி சொன்னது நினைவு வந்தது. இருட்டில் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே நீளமான மதில். இங்கிருந்து வானம் ஒரு கீற்றுதான்.

காலையில் பெருமாயி வருவதற்கு முந்தியே கதவைத் திறந்து வெளியே உருட்டினாள். சிமென்ட் முடிந்ததும் மணல் தெரு. பத்தடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்துவிட்டது. முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். சைக்கிளில் போன ஒருவர் நின்று உதவட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றாள். உள்ளங்கை காந்தியது. நாற்காலியை இடமும் வலமுமாக அசைத்து அசைத்து, சக்கரத்தை மேலே கொண்டுவந்துவிட்டாள். தெருமுனைக் கடைக்குப் போய்ச் சேரும்போது ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். “என்னக்கா வேணும்?”

மரியசெல்வி ஒரு கடைவாசலுக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. தொங்கிய சரம் சரமான ஷாம்பு பாக்கெட்டுகளையும், பாட்டில்களில் இருந்த முறுக்கையும், அடுக்கியிருந்த பால் பாக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்னால் ஓர் ஆள் வந்து நின்றார். அவசரமில்லை, அவருக்கு முதலில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.